அரை மணி நேரத் தோஷம்

1969 ஜூன் 27, காலை மணி 6.05, மம்பாவ், நெகிரி செம்பிலான். பெண் குழந்தை.

ஜாதகம் கணிக்கத் தெரிந்தவர்களும் கைப்பேசியில் ஜோதிடச் செயலி வைத்திருப்பவர்களும் இந்த விவரத்தைப் போட்டுப் பாருங்கள். சிலருக்கு ரிஷப லக்னம் வரும். சிலருக்கு மிதுன லக்னம் வரும். எது வருகிறது என்பது, உங்கள் செயலியை எழுதியவருக்கு மலேசியக் கடிகாரத்தின் வரலாறு தெரியுமா என்பதைப் பொறுத்தது.

அந்தக் குழந்தை என் அத்தை. அவர் ஜாதகத்தை எழுதிய ஜோசியருக்கு அந்த வரலாறு தெரிந்திருக்கவில்லை. அத்தைக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. "உங்க அத்தைக்குச் செவ்வாய் தோஷம், அதான் அமையல" என்பதுதான் எங்கள் வீட்டில் ஒற்றை வரியில் சொல்லப்படும் வரலாறு. நானும் அதை ஒரு வியாதியின் பெயரைக் கேட்பது போலக் கேட்டு வளர்ந்தவன்தான்.

இப்போது இதைக் கிளறக் காரணம் என் கல்யாணம். அம்மா எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். ரந்தாவ் பக்கம் ஒரு குடும்பம், பெண் மருந்தாளர். படம் பிடித்தது, வேலை பிடித்தது, குடும்பமும் தெரிந்த குடும்பம். நட்சத்திரம் மூலம் என்று தெரிந்ததும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்புதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவை மூடநம்பிக்கைக்காரர் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பயம் அப்பாவைப் பற்றியது.

என் ஜாதகத்தைத் தேடி அம்மா பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோதுதான் அடியில் அத்தையின் ஜாதக நோட்டு கிடைத்தது. 1991-இல் எழுதியது. முதல் பக்கத்தில் மஞ்சள். அடுத்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு: 6.05 - 2.30 = 3.35.

எனக்குச் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அழுத்தமானி, வெப்பமானி போன்ற கருவிகள் உண்மையான அளவைத்தான் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. கேலிப்ரேஷன் என்போம். ஓரத்தில் எழுதிய கணக்கைப் பார்த்தால் சரிபார்க்காமல் விட முடியாத வியாதி எனக்கு உண்டு. அன்றிரவு அந்தக் கழித்தலைச் சரிபார்த்தேன். தப்பு.

தப்பைச் சொல்லும் முன் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஜோதிடத்தைக் கிண்டலடிக்கும் என் நண்பர்கள் பலருக்கு ஒரு ராசிக்கட்டத்தைப் படிக்கத் தெரியாது. முகநூலில் கைதட்டல் வாங்க அது போதும். வீட்டில் அம்மாவிடம் போதாது. "உனக்கு அதுல என்ன தெரியும்?" என்ற ஒரே கேள்வியில் படுத்துவிடுவோம்.

சூரியன் ஒரு வருடத்தில் வானத்தில் சுற்றுவதாகத் தெரிகிற பாதை 360 பாகை. அதைப் பன்னிரண்டாக வெட்டினால் ஒரு துண்டு 30 பாகை; அது ராசி. அதே பாதையை இருபத்தேழாக வெட்டினால் ஒரு துண்டு 13 பாகை 20 கலை, அது நட்சத்திரம். நாம் பிறந்தபோது சந்திரன் எந்தத் துண்டில் நின்றதோ அதுதான் நம்முடைய ராசி, நட்சத்திரம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் அரை மணி நேரம் முன்னே பின்னே போனாலும் பெரும்பாலும் நட்சத்திரம் மாறாது.

லக்னம் அப்படியில்லை. பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எழுந்துகொண்டிருக்கும் ராசிதான் லக்னம். பூமி ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் பன்னிரண்டு ராசியும் 24 மணி நேரத்துக்குள் கிழக்கில் எழுந்தாக வேண்டும். ஒரு லக்னத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம். நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. லக்னம்தான் முதல் வீடு. குடும்பம் இரண்டாம் வீடு, வாழ்க்கைத் துணை ஏழாம் வீடு, ஆயுள் எட்டாம் வீடு என்று மற்ற எல்லாம் அதிலிருந்தே எண்ணப்படும். லக்னம் ஒரு கட்டம் தள்ளினால் வாழ்க்கை முழுவதும் ஒரு கட்டம் தள்ளிவிடும்.

செவ்வாய் தோஷத்துக்கு நம்மவர்கள் சொல்லும் விதி இது: லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகள் ஒன்றில் செவ்வாய் இருந்தால் தோஷம். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பவர்களும் உண்டு.

இனி அந்தக் கழித்தல். ஜோசியர் கையில் இருந்தது இந்திய நேரத்தை வைத்துப் போட்ட அட்டவணையாக இருக்க வேண்டும். மம்பாவில் காலை 6.05 என்றால் இந்தியாவில் மணி என்ன? மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எனவே 3.35. 1991-இல் இதைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் 1969-இல் அந்த வித்தியாசம் இரண்டே மணி நேரம்.

நம் நேரம் எப்போதும் இன்றைய நேரமாக இருந்ததில்லை. மலாயாவில் 1905-இல் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945-இல் அவன் போனதும் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1 முதல், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக, 8 மணி. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளி வைத்தார்கள். அந்த வருடத்தின் கடைசி அரை மணி நேரம் இந்த நாட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை.

நம் தாத்தா பாட்டிகள், பெற்றோர்களில் பலர், 1982-க்கு முன் இங்கே பிறந்தவர்கள். அவர்கள் ஜாதகத்தை இன்றைய நேரத்தை வைத்துப் போட்டால் அரை மணி நேரப் பிழை. ஜப்பான் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரப் பிழை. இரண்டு மணி நேர லக்னத்தில் அரை மணி நேரப் பிழை என்றால் நாலு பேரில் ஒருவருக்கு லக்னமே மாறியிருக்கும். நோட்டுப் புத்தகத்தில் மஞ்சள் தடவிப் பூசையறையில் வைத்திருக்கும் ஜாதகங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

அத்தையின் கணக்கு இதுதான். ஜோசியர் போட்டபடி லக்னம் ரிஷபத்தின் கடைசிப் பகுதி, சுமார் 26 பாகை. செவ்வாய் விருச்சிகத்தில். ரிஷபத்திலிருந்து விருச்சிகம் ஏழு. ஏழில் செவ்வாய், கடுமையான தோஷம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். சரியான நேரத்தை வைத்துப் போட்டால் லக்னம் மிதுனம், 3 பாகை சொச்சம். மிதுனத்திலிருந்து விருச்சிகம் ஆறு. ஆறாம் வீடு தோஷப் பட்டியலிலேயே இல்லை.

இரவு ஒரு மணிக்கு நான் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருடமாகப் பழுதான ஒரு மானியைக் கண்டுபிடித்த சந்தோஷம் மாதிரி ஒன்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் காலை பசியாறும்போது அத்தையிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அத்தே, உங்களுக்குத் தோஷமே இல்ல. அந்த ஆளு கணக்கத் தப்பாப் போட்டுட்டாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மொத வரனுக்கு நெஜமாவே ஜாதகந்தான். அந்தம்மா அழுதுட்டுத்தான் போனாங்க. மத்த ரெண்டும் அப்படி இல்ல தம்பி. ஒருத்தங்களுக்கு நாம வேற ஆளுங்க. இன்னொருத்தங்களுக்கு நான் கறுப்பு. அத மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? ஜாதகம் சேரலன்னா யாருக்கும் கோவம் வராது."

பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பதினெட்டு வயதில் தோட்டத்தை விட்டு ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவர், இன்னமும் ஷிப்ட் வேலைதான். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பி.டி.பி.டி.என். கடன் வரத் தாமதமானது. முதல் பருவக் கட்டணத்தையும் விடுதிப் பணத்தையும் கட்டியவர் அவர். அத்தைக்குக் குடும்பம் இருந்திருந்தால் அந்தப் பணம் எனக்கு வந்திருக்காது. அவருடைய தோஷத்தால் லாபம் அடைந்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை போன பிறகு நான் இன்னொரு முறை கணக்கைப் பார்த்தேன். இந்த முறை வேறு கண்ணோடு.

முதல் சிக்கல், அந்த 6.05 எங்கிருந்து வந்தது? பாட்டி சொன்ன கதை எனக்குத் தெரியும். மே 13 கலவரம் முடிந்து ஆறு வாரம், அவசரகாலம் அமலில் இருந்தது. பெரட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள், வெளிச்சம் இன்னும் வரவில்லை. லயத்தில் மருத்துவச்சி வெளியே வந்து பெண் என்று சொன்ன பிறகு, தாத்தா நடந்து போய் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். ஆக 6.05 என்பது தாத்தா கடிகாரத்தைப் பார்த்த நேரம். குழந்தை எப்போது பிறந்தது? 5.50-க்கு முன்னால் பிறந்திருந்தால், சரியான நேரத்தை வைத்துப் போட்டாலும் ரிஷப லக்னம்தான். அதாவது தப்பான கழித்தல் தற்செயலாகச் சரியான லக்னத்தைக் கொடுத்திருக்கலாம். என் துறையில் இப்படிப்பட்ட அளவுக்குப் பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 15 நிமிடம்' என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் அனுப்பினால் வேலை போய்விடும். ஜாதக நோட்டில் அந்த வரிக்கு இடமே இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. ஜோசியரின் ரிஷப லக்னத்தையே ஒப்புக்கொள்வோம். ஏழில் செவ்வாய். ஆனால் விருச்சிகம் செவ்வாயின் சொந்த வீடு. மேஷம், விருச்சிகம் ஆகிய சொந்த வீடுகளிலோ உச்ச வீடான மகரத்திலோ செவ்வாய் இருந்தால் தோஷம் கிடையாது என்று அதே சாஸ்திரம் விலக்குக் கொடுக்கிறது. அப்படியென்றால் தப்பான ஜாதகத்திலும் அத்தைக்குத் தோஷம் இல்லை. சந்திரனிலிருந்து எண்ணினாலும் இல்லை, சந்திரனும் விருச்சிகத்தில்தான். சரி, சுக்கிரனிலிருந்து எண்ணுங்கள். சுக்கிரன் மேஷத்தில். மேஷத்திலிருந்து விருச்சிகம் எட்டு. தோஷம் திரும்ப வந்துவிட்டது, லக்னம் எதுவாக இருந்தாலும் சரி. உடனே சொந்த வீட்டு விலக்கைப் போடுங்கள், மறுபடி போய்விடும்.

இதைத்தான் "ஜோதிடம் ஒரு கணக்கு" என்கிறார்கள். லக்னம் எத்தனை பாகை என்பது கணக்குத்தான். செவ்வாய் எந்த ராசியில் என்பதும் கணக்குத்தான். அதில் யார் போட்டாலும் ஒரே விடை வர வேண்டும், வராவிட்டால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். நான் கண்டுபிடித்தது போல. ஆனால் "ஏழில் செவ்வாய், ஆகவே இந்தப் பெண்ணை எடுக்கக் கூடாது" என்பதில் அந்த 'ஆகவே' எந்தக் கணக்கிலிருந்து வந்தது? அங்கே விதி இருக்கிறது, விலக்கு இருக்கிறது, விலக்குக்கு விலக்கும் இருக்கிறது. எதைக் கையில் எடுப்பது என்பதை, பெண்ணை வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும்தான் முடிவு செய்கிறார்கள். முதல் பாதியின் துல்லியத்தைக் காட்டி இரண்டாம் பாதிக்கு மரியாதை வாங்குகிறோம். பாகையும் கலையும் போட்டு எழுதியிருப்பதால் கீழே உள்ள சிவப்பு மை வரியும் கணக்கு மாதிரியே தெரிகிறது.

விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பாருங்கள். பன்னிரண்டில் ஐந்து வீடு தோஷம் என்றால், லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே நூற்றில் 42 பேருக்குத் தோஷம். சந்திரன், சுக்கிரன் இரண்டிலிருந்தும் சேர்த்து எண்ணினால், மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு, நூற்றில் 80 பேருக்குத் தோஷம். இத்தனை பேருக்கு மணி அடிக்கும் புகையறிவானை என் தொழிற்சாலையில் மாட்டினால் முதல் வாரமே கழற்றி எறிவார்கள். இங்கே கழற்றுவதில்லை, யாருக்கு அடித்த மணியைக் கேட்பது, யாருக்கு அடித்ததைக் கேட்காத மாதிரி இருப்பது என்று தேர்ந்தெடுக்கிறோம்.

"உங்க ஜோசியர் அரைகுறை, நல்ல ஜோசியரிடம் போயிருக்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். நல்லவர்கள் என்று பெயர் எடுத்தவர்களுக்குள் கிரகம் எங்கே இருக்கிறது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துப் போடுவது. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது. சனி மகரத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24-இல். திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி கொண்டாடியது 2020 டிசம்பர் 27-இல். பதினொரு மாத வித்தியாசம். இடையில் இருந்த அந்தப் பதினொரு மாதமும் தனுசு ராசிக்காரருக்கு ஜென்மச் சனியா, பாதச் சனியா? தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் சனி ஒரே இடத்தில்தான் நின்றது.

திருக்கணிதக்காரர்களுக்குள்ளும் அயனாம்சம் என்ற தகராறு உண்டு. பூமியின் அச்சு மெதுவாகத் தலைசுற்றுவதால் ராசிகளின் தொடக்கப் புள்ளி ஆண்டுக்கு ஏறக்குறைய 50 விகலை நகர்கிறது. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை கொடுத்தது; அதன்படி 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை. பெங்களூரு பி.வி. ராமன் பயன்படுத்திய அயனாம்சம் அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைவு. ஒன்றரைப் பாகை என்றால் லக்னத்தில் ஆறு நிமிடம். சாகா வானியற்பியலாளர்; ஜோதிடத்தை நம்பாதவர். நம்புகிறவர்கள் இன்று பெருமளவில் பயன்படுத்தும் அயனாம்சம் அவருடைய குழு தரப்படுத்திக் கொடுத்தது.

சரி, வேறுபாடுகள் இருக்கட்டும். பலன் சரியாக வருகிறதா என்றாவது பார்க்கலாம் இல்லையா? பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நாரளீகர், புள்ளியியலாளர் சுதாகர் குண்டே, நரேந்திர தாபோல்கர், ஜோதிடத்தைக் கற்றுப் பிறகு அதைக் கேள்வி கேட்ட பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் மகாராஷ்டிராவில் 2008-இல் ஒரு சோதனை செய்தார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நூறு பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நூறு பேர் என்று இருநூறு ஜாதகங்கள். 27 ஜோசியர்களுக்கு ஆளுக்கு நாற்பது ஜாதகம் கொடுத்து, எது எந்த வகை என்று மட்டும் கேட்டார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வித்தியாசம் எது? அது ஜாதகத்தில் தெரியவில்லை என்றால், மருமகள் வந்தால் மாமனாருக்கு என்ன ஆகும் என்பது மட்டும் எப்படித் தெரியும்?

கேலிப்ரேஷனில் ஒரு கருவி தவறினால் சிவப்பு வில்லை ஒட்டி ஓரமாக வைப்போம். ஏன் தவறியது என்று எழுதுவோம். ஜாதகம் பத்துக்குப் பத்துப் பொருந்திச் செய்த கல்யாணங்கள் உடைகின்றன. நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் ஒன்றாவது உண்டு. அதற்குப் பிறகு எந்த விதியாவது திருத்தப்பட்டிருக்கிறதா? "நேரம் சரியில்ல" என்பதோடு கோப்பை மூடிவிடுகிறோம்.

"இது நம் பண்பாடு. இந்த நாட்டில் நமக்கு மிச்சம் இருப்பதே கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இதுபோன்ற சிலதும்தான்" என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, தாமானில் ஒரு வீட்டுக்குத் தவணை கட்டத் தொடங்கிய ஒரு தலைமுறைக்கு, 'இன்னும் ஏழு மாசத்துல விடியும்' என்று சொன்ன ஒரே ஆள் ஜோசியர்தான். பாட்டி அவரிடம் போனது பலன் கேட்க மட்டும் இல்லை. அரை மணி நேரம் தன் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஆம்பிளை அவர் ஒருவர்தான். அந்த ஆறுதலை நான் பறிக்க வரவில்லை. ஆனால் ஆறுதல், அதைத் தேடிப் போனவருக்குக் கிடைப்பது. பொருத்தம் பார்ப்பதில் அடி விழுவது, எதையும் கேட்கப் போகாத ஒரு பெண்ணுக்கு. இரண்டையும் ஒரே பண்பாடு என்ற பையில் போடாதீர்கள். தொன்மையைப் பற்றிச் சொல்வதென்றால், ஓரை என்பதும் கேந்திரம் என்பதும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. லக்னமும் பன்னிரண்டு ராசியும் அந்தத் தொடர்பில் வளர்ந்தவை. நாம் கடன் வாங்கினோம், வளர்த்தோம். வாங்கியதைக் கீழே வைக்கவும் நமக்கு உரிமை உண்டு.

அடி யாருக்கு விழுகிறது என்பதை விதிகளே சொல்கின்றன. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். வானத்தில் அதே 13 பாகை 20 கலை. பிறந்தது ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் வேறு. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, கேட்டையில் பிறந்தவள் கணவனின் அண்ணனுக்கு, விசாகத்தில் பிறந்தவள் கணவனின் தம்பிக்கு. இருபத்தேழில் நான்கு. ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தியைப் பிறந்த அன்றே ஒதுக்கி வைத்தாகிவிட்டது. மாமியாருக்கு ஆகாத மருமகன் எந்த நட்சத்திரம் என்று யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அன்று காலை நான் அத்தையிடம் "உங்களுக்குத் தோஷமே இல்ல" என்றேன். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு கேவலமான அர்த்தம் இருக்கிறது. கணக்குச் சரியாக இருந்து, தோஷமும் இருந்திருந்தால், நடந்தது நியாயம் என்று ஆகிவிடும். நான் ஜோசியரை எதிர்க்கவில்லை. அவரைவிட நல்ல ஜோசியராக ஆனேன், அவ்வளவுதான். கழித்தலைத் திருத்துவது ஒரு பெண்ணை விடுவிப்பதாகாது. சுக்கிரனிலிருந்து எண்ணத் தெரிந்த இன்னொருவர் வந்தால் அவரை மறுபடி உள்ளே தள்ளிவிடலாம். ஜாதகம் தப்பு என்று நிரூபித்திருந்தால், அவரைக் கறுப்பு என்று நினைத்தவர்கள் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். சாதி என்ற சொல்லை வாயால் சொல்லக் கூசுகிற நம் சமூகத்துக்கு, அதைச் சொல்லாமலே செய்து முடிக்க ஒரு நாகரிகமான தாள் தேவைப்படுகிறது. ஜாதகம் அந்தத் தாள். அதனால்தான் அதில் பிழை இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

அதனால் அம்மாவிடம் மூலத்தைப் பற்றி நான் வாதாடவில்லை. "மூலத்துல முதல் பாதம் மட்டுந்தாம்மா கெடுதல், இந்தப் பொண்ணு மூணாம் பாதம்" என்று சொல்லி ஜெயித்திருக்கலாம். விலக்குகள் எனக்கு இப்போது மனப்பாடம். அப்படிச் சொன்னால் முதல் பாதத்தில் பிறந்த இன்னொருத்தியை நான் விற்றுவிட்டேன் என்று அர்த்தம். அப்பாவின் மாத்திரையை, நடையை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையைப் பற்றித்தான் பேசினோம். வீட்டுக்கு ஒரு மருந்தாளர் வந்தால் அப்பாவுக்கு நல்லதுதானே என்றார் அத்தை, சமையலறையிலிருந்து. அம்மா சிரித்தார். பயம் போகவில்லை. போக நாளாகும்.

இதை வாசிக்கும் ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஜாதகத்தைக் கொடுக்காதீர்கள். பெண்ணின் ஜாதகத்தை வாங்காதீர்கள். ஒரு பெண் கொடுக்க மாட்டேன் என்றால் "எதையோ மறைக்கிறாங்க" என்பார்கள், அவளுக்கு அது பெரிய செலவு. நமக்கு அந்தச் செலவு கொஞ்சம்தான். அதிகம் போனால் "படிச்ச திமிரு" என்பார்கள். உங்களை வேண்டாம் என்றோ, நீங்கள் வேண்டாம் என்றோ முடிவானால், காரணத்தைச் சொல்லும் சங்கடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜோதிடம் பொய் என்று ஊருக்குச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு, வீட்டில் கேட்டதும் பிறந்த நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். போன வருடம்வரை நானும் அதில் ஒருவன்.

ரந்தாவ் குடும்பத்தார் நேற்று அம்மாவிடம் என் ஜாதகத்தைக் கேட்டார்களாம். நானே அழைத்து, தர மாட்டேன், உங்களுடையதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லட்டும். என் வேலை பிடிக்கவில்லை, என் பேச்சுப் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். அது என்னைப் பற்றியதாக இருக்கும்.